தொடை இடுக்கில் ஒரு குழாய்: சில குறிப்புகள்

நாயின் உடம்பு கொடுத்த நம்பிக்கையை மனித உடம்பு காப்பாற்றவில்லை. கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் செயற்கைக் குழாயின் கதையை இதற்குமேல் சுருக்க முடியாது.

1947-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வோர்ஹீஸ் என்ற பயிற்சி அறுவை மருத்துவர், ஒரு நாயின் இதய அறைக்குள் தப்பிப்போன பட்டுத் தையல் ஒன்றைச் சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார். நூலின் மேல் வழுவழுவென்று மெல்லிய படலம் ஏறியிருந்தது. நூலுக்கே படலம் ஏறும்போது துணிக்கு ஏறாதா? பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்து நாயின் மகாதமனியில் வைத்துப் பார்த்தார். அடுத்து வின்யான்-என் என்ற செயற்கை இழைத் துணி. 1952-ல் கட்டுரை வெளிவந்தது. இன்று மனிதர் உடம்பில் வைக்கப்படும் துணிக்குழாய்கள் எல்லாம் அந்தத் தையலின் வாரிசுகள்தான்.

நாயில் அந்தப் படலம் குழாயின் உட்புறத்தில் நன்றாகவே பரவும். மனிதரில், தையல் போட்ட இடத்திலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்ததும் நின்றுவிடுகிறது. தொடை இடுக்கிலிருந்து முழங்கால் வரை ஓடும் குழாயின் நடுப்பகுதி பத்து வருடம் ஆனாலும் வெறும் பிளாஸ்டிக்தான். அதன்மேல் ஃபைப்ரின் பூச்சு, அவ்வளவே. ஓடுகிற ரத்தம் அதை என்றைக்கும் சொந்தமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. வருடங்கள் கழித்து வருகிற தொல்லைகளில் பாதிக்கு வேர் இங்கே இருக்கிறது.

*

ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி 1950-களின் முற்பகுதியில் துணிக்கடைக்குப் போனது நைலான் வாங்க. நைலான் தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர் புதிதாக வந்திருந்த டாக்ரானை எடுத்துக் கொடுத்தார். அம்மாவிடம் தையல் கற்றிருந்த டிபேக்கி, வீட்டில் மனைவியின் தையல் மெஷினில் அதைக் குழாயாகத் தைத்தார். நைலான் அன்று கையிருப்பில் இருந்திருந்தால் எத்தனை பேருக்குக் கெட்டிருக்கும்! உடம்புக்குள் நைலான் சீக்கிரமே வலுவிழந்துவிடும் என்பது பிறகுதான் தெரியவந்தது. டாக்ரான் தாக்குப்பிடித்தது. 2005-ன் கடைசி நாளில், தன் 97-வது வயதில் டிபேக்கிக்கே மகாதமனி கிழிந்தது; 2006-ல் அவருக்குள்ளும் டாக்ரான் குழாய்தான் வைக்கப்பட்டது. அதன்பின் இரண்டு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

இன்னொரு வகைக் குழாய் டெஃப்லான் குடும்பத்தைச் சேர்ந்தது. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் டெஃப்லான் கம்பிகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்து இழுத்து, ஒவ்வொன்றும் ஒடிந்துபோக, எரிச்சலில் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். ஒடியாமல் பல மடங்கு நீண்டது. மழைக்கோட்டுக்குப் போன அதே பொருள் 1970-களின் நடுவில் கால் பைபாஸுக்கும் வந்தது. தொடையில் இன்று அதிகம் வைப்பது இந்தப் பி.டி.எஃப்.இ. குழாயைத்தான், 6 அல்லது 8 மில்லிமீட்டர் விட்டம், வெள்ளை நிறம். முழங்காலைத் தாண்டும் இடத்தில் மடங்காமலிருக்க வெளியே வளையம் போட்டதும் உண்டு.

*

அடைப்புக்கு ஒரு காலக் கணக்கு உண்டு. முதல் மாதத்தில் அடைத்தால் பெரும்பாலும் ஆபரேஷனில் கோளாறு, அல்லது குழாய் போய்ச் சேரும் இடத்தில் ரத்தம் ஓட வழியில்லை. இரண்டு வருடத்துக்குள் அடைத்தால் தையல் இடத்தில் சதை வளர்ந்திருக்கும். அதற்கும் பிறகு என்றால் நோயாளியின் சொந்தத் தமனியில் பழைய நோய் முன்னேறியிருக்கும். கணக்கு முன்பின் ஆகலாம். ஆனாலும் எங்கே தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

நடுவில் சொன்ன சதை வளர்ச்சிதான் செயற்கைக் குழாயின் தனி நோய். தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கும். பிளாஸ்டிக் விரியாது. இளகிய ரப்பர் ஹோஸை விறைத்த பி.வி.சி. பைப்போடு சேர்த்துக் கட்டி மோட்டார் போட்டால் ஆட்டமெல்லாம் மூட்டில்தானே? இங்கும் அதே கதை. சேரும் இடத்தில் ரத்தம் சுழல்கிறது, தமனியின் உட்சுவரை உரச வேண்டிய விதத்தில் உரசாமல் போகிறது. தையலில் காயம்பட்ட தசைச் செல்கள் உள்பக்கம் குடிபெயர்ந்து பெருகுகின்றன.

மறு ஆபரேஷனில் அந்த இடத்தைத் திறந்தால் பார்க்கலாம். குழாயின் நடுப்பகுதியில் இருக்கும் கட்டியான ரத்தத்தை உருவி எடுத்துவிட்டால் உட்புறம் சுத்தமாக இருக்கும். கீழ்த் தையலுக்கு வந்ததும் கதை மாறும். வெளிறிய, பளபளப்பான, ரப்பர் போன்ற திசு, தையலின் குதிகாலிலும் நுனியிலும் எதிரே தமனியின் தரையிலும் மேடிட்டிருக்கும். கொழுப்புப் படிவின் மஞ்சள் இருக்காது, சுண்ணாம்பின் நறநறப்பும் இருக்காது. கத்தியால் வெட்டினால் இழுத்துக்கொண்டுதான் வெட்டுப்படும். 6 மில்லிமீட்டர் வழியில் ஒரு பேனா ரீஃபில் நுழையும் அளவுகூட மிச்சமிருக்காது.

*

இந்தச் சதை வளர்ச்சிக்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜஸ்டின் மில்லர் 1984-ல் ஒரு கைவேலை சொன்னார். குழாயை நேரே தமனியில் தைக்காமல், நோயாளியின் சொந்தச் சிரையிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சட்டைக் காலர் மாதிரி இடையில் தைத்துவிடுவது. பிரிட்டனில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் முழங்காலுக்குக் கீழே போன குழாய்களில் இரண்டு வருட முடிவில் காலர் வைத்தவற்றில் பாதியளவும், வைக்காதவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவும் திறந்திருந்தன. முழங்காலுக்கு மேலே பெரிய வித்தியாசம் இல்லை. சதை வளர்வது நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளர இடம் கூடுதலாகக் கிடைக்கிறது, அதுதான் பலன்.

*

எண்கள் இல்லாமல் இந்தப் பேச்சு ஓடாது. நெதர்லாந்தில் முழங்காலுக்கு மேலே முடியும் பைபாஸில் நடந்த ஆய்வு ஒன்றில், ஐந்து வருட முடிவில் சொந்தச் சிரை வைத்தவர்களில் சுமார் 76 சதவீதம், பி.டி.எஃப்.இ. வைத்தவர்களில் சுமார் 52 சதவீதம் பேருக்குக் குழாய் திறந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே, கணுக்கால் பக்கத்துச் சிறு தமனிகளுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். 1986-ல் அமெரிக்காவில் ஃப்ராங்க் வீத் குழுவினர் வெளியிட்ட கணக்கில் நான்கு வருட முடிவில் சிரை 49 சதவீதம், பி.டி.எஃப்.இ. 12 சதவீதம். நூற்றுக்குப் பன்னிரண்டு!

1948-ல் பாரிஸில் ழான் குன்லின் தொடைச் சிரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக் கால் பைபாஸ் செய்தார். இத்தனை தொழிற்சாலைகள் வந்த பிறகும் அவருடைய காசில்லாத குழாயை யாரும் தோற்கடிக்கவில்லை. 2022-ல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வும் அதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னது: நல்ல சிரை இருப்பவருக்கு முதலில் பைபாஸ் செய்வது பலூன், ஸ்டென்ட்டைவிட மேல், நல்ல சிரை இல்லாதவரிடம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என் வாதம் இது: சிரை இல்லை என்று எழுதுவதற்கு முன் இன்னொரு காலையும் இரண்டு கைகளையும் ஸ்கேனில் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு வார்டில் முழங்கை மடிப்பு நரம்புகளிலெல்லாம் ஊசி குத்திப் பாழாக்குவதும், காலில் துடிப்பு இருக்கிறதா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் சுருள் நரம்புக்கு லேசர் வைத்துச் சிரையை எரித்துவிடுவதும் எனக்குப் பொறுப்பதில்லை.

*

ஓ.பி.யில் ஒரு பெரியவர்.

"குழாய் எத்தன வருஷம் தாங்குங்க டாக்டர்?"

"குழாய் நம்ம எல்லாரையும் விட அதிக நாள் இருக்கும்யா. அதுல ரத்தம் ஓடுமாங்கிறதுதான் கேள்வி. பீடி?"

"அத விட்டாச்சுங்க."

கூட வந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "சட்டப்பைய தொட்டுப் பாருங்க சார்."

பைபாஸுக்குப் பிறகும் புகைப்பவருக்குக் குழாய் அடைக்கும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. நிறுத்தியவருடைய குழாய் புகைக்காதவர் குழாய்க்குச் சமமாக ஓடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் உடம்பு பழைய கணக்கைக் கிளறுவதில்லை.

*

சிரைக் குழாய் அடைவதும் செயற்கைக் குழாய் அடைவதும் ஒன்றல்ல. செயற்கைக் குழாய் பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல், நேற்று நடந்தவருக்கு இன்று கால் ஜில்லிட்டு, அடைகிறது. உறைந்த ரத்தம் கீழ்த் தமனிக்குள்ளும் இறங்கி அங்கிருந்த வழியையும் சேர்த்து மூடுகிறது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பு வெறும் நடை வலியோடு இருந்தவர், குழாய் அடைத்த பிறகு காலே போகும் நிலைக்கு வரலாம். வெறும் நடை வலிக்குச் செயற்கைக் குழாய் வைக்க நான் தயங்குவதற்கு இதுதான் காரணம்.

அடைத்து வருடக்கணக்கில் சும்மா கிடக்கும் குழாயும் நல்ல பிள்ளை இல்லை. மேல் தையலை ஒட்டி மிஞ்சியிருக்கும் குட்டி முனையில் ரத்தம் சுழன்று உறைந்து, துணுக்குகள் உடைந்து தொடைத் தமனி வழியே கீழே போகும். செத்த குழாய்தானே என்று அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

அடைத்ததை உருவ, தாமஸ் ஃபோகார்ட்டியின் பலூன் வடிகுழாய். 1960-களின் தொடக்கத்தில் ரப்பர் கையுறையின் விரல் நுனியை வெட்டி, தூண்டில் கட்டும் முடிச்சால் குழாயில் கட்டி அவர் செய்தது. பி.டி.எஃப்.இ.யிலிருந்து உறைவு சுலபமாகவே வரும். ஆனால் உருவியதோடு தையலை மூடி வீட்டுக்கு அனுப்பினால் சில வாரத்தில் மறுபடி அடைக்கும். கீழ்த் தையலில் வளர்ந்த சதையைச் சரிசெய்யாத வரை உருவுவது வெறும் தவணை.

*

மாத்திரை. டச்சு ஆய்வு ஒன்று, 2000-ல் வெளியானது, 2,690 பேர். ரத்தம் உறையாமலிருக்கும் வார்ஃபரின் வகை மருந்து சிரைக் குழாய்க்கு நல்லது, ஆஸ்பிரின் செயற்கைக் குழாய்க்கு நல்லது என்று முடிந்தது. 2020-ல் வாயேஜர் ஆய்வு: ஆஸ்பிரினோடு சிறிய அளவு ரிவராக்ஸபான், 2.5 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை. கால் திடீரென்று அடைப்பது குறைந்தது, ரத்தக்கசிவு கொஞ்சம் கூடியது. பல் பிடுங்கப் போகும்போது யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினைத் தானாக நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. நிறுத்தலாமா என்று குழாய் வைத்த டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

*

இனி கிருமி.

செயற்கைக் குழாயில் கிருமி பிடிப்பது பெரும்பாலான கணக்குகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஆறு பேருக்குள். எண் சிறியது. ஆனால் பிடித்துவிட்டால் காலும் போகலாம், உயிரும் போகலாம். பிடிக்கிற இடம் பெரும்பாலும் தொடை இடுக்கு. வியர்வை தங்கும் மடிப்பு, பக்கத்திலேயே மலஜலம் போகும் இடம், காலிலிருந்து வரும் நிணநீர்க் குழாய்களெல்லாம் அதே வெட்டின் வழியாகப் போகின்றன. விரலில் அழுகல் இருப்பவருக்குத்தான் நாம் பைபாஸ் செய்கிறோம். அந்த அழுகலின் வடிகால் குழாய் வைக்கும் இடத்திலேயே வந்து சேர்கிறது.

முதல் சில மாதத்தில் வருவது பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். காய்ச்சல், சீழ், சிவப்பு என்று ஊரைக் கூட்டி வரும். வருடங்கள் கழித்து வருவது வேறு ஆள். தோலில் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஆபரேஷன் அன்றைக்கே குழாயில் ஒட்டி, தன்மேல் கோழைப் படலம் போர்த்திக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கும். காய்ச்சல் இருக்காது. வெள்ளை அணு எண்ணிக்கை சரியாக இருக்கும். பழைய தழும்பில் கடுகளவு துளை, அதில் அவ்வப்போது ஒரு சொட்டு நீர். அது ஆறும், திறக்கும். பக்கத்து கிளினிக்கில் மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். கல்ச்சர் அனுப்பினால் ஒன்றும் வளரவில்லை என்று வரும். படலத்துக்குள் ஒளிந்த கிருமியைப் பஞ்சுக்குச்சி எடுத்து வராது.

ஆபரேஷன் மேஜையில் சந்தேகம் தீர்ந்துவிடும். நல்ல குழாயைச் சுற்றிலும் திசு இறுகப் பிடித்திருக்கும். பிரிக்க மெனக்கெட வேண்டும். கிருமி பிடித்த குழாய் கலங்கிய நீரில் மிதக்கும். விரலை வைத்துச் சுற்றினால் எந்தத் தடையும் இல்லாமல் முழுச் சுற்றும் போய்வரும்.

மருந்தால் மட்டும் தீருவது அபூர்வம். குழாயை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டுக் காலுக்கு ரத்தம் எப்படி அனுப்புவது? 1963-லேயே ஷா, பவ் இருவரும் ஒரு வழி சொன்னார்கள்: கிருமி பிடித்த தொடை இடுக்கைத் தொடாமல், இடுப்பெலும்பில் இயற்கையாக இருக்கும் துவாரத்தின் வழியே உள்தொடைக்குப் புதுக் குழாயை இறக்குவது. வயிற்றுக்குள்ளிருந்தே கிருமி என்றால் இரண்டு தொடைகளின் ஆழச் சிரைகளை உருவி மகாதமனிக்கே மாற்று செய்வதும் உண்டு. எதுவானாலும் முதல் ஆபரேஷனைவிடப் பல மடங்கு கடினம், நோயாளிக்கு அதைவிட வயது கூடியிருக்கும், பணம் குறைந்திருக்கும்.

*

குழாயைச் சுற்றித் தெளிந்த நீர் கோத்துக்கொள்ளும் தொல்லை ஒன்றும் உண்டு. பெரும்பாலும் கிருமி இல்லாதது. ஊசி போட்டு இழுத்து இழுத்துக் கிருமியை உள்ளே அனுப்பாமல் இருந்தாலே பாதி வைத்தியம்.

*

தையல் விட்டுப்போவதுதான் நான் இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கிய காரணம்.

தமனியும் துணியும் ஒருபோதும் ஒன்றோடொன்று இணைவதில்லை. காயம் ஆறிவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது தையல் நூல் மட்டும்தான், ஆயுள் முழுக்க. தொடக்க காலத்தில் இது தெரியவில்லை. பட்டு நூலால் தைத்தார்கள். உடம்புக்குள் பட்டு மெல்ல வலுவிழந்தது. வருடங்கள் கழித்துத் தையல் இடங்கள் வரிசையாகப் பிரிந்தன. வோர்ஹீஸுக்கு யோசனை கொடுத்ததும் பட்டு, பின்வந்தவர்களைக் கைவிட்டதும் பட்டு. இப்போது பாலிப்ரொப்பிலீன் நூல், அது கரைவதில்லை. ஆனாலும் தமனியின் சுவர் நைந்துபோகலாம், மறைந்திருக்கும் கிருமி அரிக்கலாம். இடுப்பை மடக்கி நீட்டும்போதெல்லாம் தொடை இடுக்குத் தையல் இழுபடுகிறது. அதனால்தான் வயிற்றிலிருந்து இரண்டு தொடைக்கும் போகும் குழாய் வைத்தவர்களுக்கு ஐந்து, பத்து வருடம் கழித்து அங்கே போலி வீக்கம் வருகிறது. தையல் இடைவெளியில் கசியும் ரத்தத்தைச் சுற்றித் திசு பையாகச் சூழ்ந்து நிற்கும் கட்டி அது.

நோயாளி என்ன சொல்வார்? "நெறி கட்டியிருக்கு." காலில் புண் இருந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது ஊரறிந்த விஷயம். அவருக்கும் புண் இருக்கிறது, கட்டியும் இருக்கிறது. பார்க்கிறவரும் அப்படியே நம்பிவிடுவார். உள்ளே உறைந்த ரத்தம் அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் துடிப்புகூடக் கையில் தெளிவாகத் தெரியாது. மேலே தோல் சிவந்தால் சீழ்க்கட்டி போலவே இருக்கும். டாப்ளர் ஸ்கேனை வைத்தால் ஒரு நொடி வேலை: கட்டிக்குள் பாதி சிவப்பு, பாதி நீலம், ஒன்றையொன்று துரத்திச் சுழலும். டாப்ளர் வைக்காமல் கத்தி வைத்தால் தொடைத் தமனியையே திறந்துவிட்டதாக அர்த்தம்.

*

டாக்ரான், குறிப்பாகப் பின்னல் வகை, காலப்போக்கில் கொஞ்சம் விரிகிறது. பத்து, இருபது சதவீதம் விரிவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அபூர்வமாக நெசவே கிழியும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் நோயாளிகளிடமிருந்து எடுத்த பழைய குழாய்களை ஆராய்கிறார்கள். சில பழைய பின்னல் குழாய்கள், முறுக்காமல் வைப்பதற்கு அடையாளமாக ஓடவிட்ட கறுப்புக் கோட்டின் ஓரமாகவே பலவீனமடைந்திருந்தன. வழி காட்டப் போட்ட கோடு!

*

வயிற்றுக்குள் போன குழாய் வைத்தவர் ரத்த வாந்தி எடுத்தாலோ கறுப்பாக மலம் போனாலோ, அல்சர் என்று முடிவு கட்டாதீர்கள். முன்சிறுகுடலின் கடைசிப் பகுதி மகாதமனித் தையலின் மேலேயே படுத்திருக்கிறது. அரித்துத் துளை விழலாம். முதலில் கொஞ்சம் ரத்தம் வந்து தானாக நிற்கும். அடுத்தது நிற்காது. இரண்டுக்கும் நடுவில் மணிக்கணக்கோ நாள்கணக்கோ கிடைக்கும். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். வழக்கமான எண்டோஸ்கோப்பி அவ்வளவு தூரம் போவதில்லை. உள்ளே குழாய் இருக்கிறது என்று சொன்னால்தான் அவர்கள் மேலும் போய்ப் பார்ப்பார்கள், சி.டி. எடுப்பார்கள்.

*

ஆபரேஷன் செய்த வருடத்தில் எல்லோரும் சரியாக வருகிறார்கள். கால் நன்றாக இருக்க இருக்க வருவது குறைகிறது, ஐந்தாம் வருடம் யாரும் இல்லை. மேலே எழுதியதில் பலதும் அதற்குப் பிறகு நடப்பவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காலில் துடிப்பையும் கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் பார்த்து, தொடை இடுக்கு இரண்டையும் ஒரு கை தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கேனில் குழாயின் நடுவே ரத்தவேகம் விநாடிக்கு 45 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் அடைக்கப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சக மருத்துவர்களுக்கு: தொடை இடுக்கில் நீளத் தழும்பும் அதன் பக்கத்தில் கட்டியும் இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், ஊசியோ கத்தியோ எடுக்கும் முன் டாப்ளர் எடுங்கள். குழாய் வைத்துக்கொண்டவர்களுக்கு: கால் திடீரென்று குளிர்ந்தாலோ மரத்தாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். தழும்பிலிருந்து ரத்தம் பீறிட்டால் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே வண்டி ஏறுங்கள், கையை எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். என்ன குழாய், எங்கிருந்து எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். எந்த டாக்டரிடம், எதற்காகப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.